நாலு பென்ஸ் பாக்கி: ராபர்ட் கார்லைலின் படங்கள்

ஆல்பி கின்செல்லா கடைக்குப் போகிறான். அப்பா புற்றுநோயில் இறந்து அதிக காலமாகவில்லை. எடுத்த சாமான்களைக் கல்லாவில் வைத்துக் காசை எண்ணும்போது நாலு பென்ஸ், அதாவது பிரிட்டிஷ் சில்லறைக் காசு, குறைகிறது. அப்புறம் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு தடிக்கிறது. வீட்டுக்குப் போகிறான், தலையை மழித்துக்கொள்கிறான், அப்பா வைத்திருந்த, துப்பாக்கி முனையில் செருகும் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பி வருகிறான்.

1994-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'கிராக்கர்' தொடரில் ஒரு கதை இப்படித் தொடங்குகிறது. எழுதியவர் லிவர்பூல்காரரான ஜிம்மி மெக்கவர்ன். ஆல்பியாக நடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் கார்லைல். அந்தக் கடைக் காட்சியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காசு போதவில்லை என்று தெரியும் அந்த நொடியில் அவர் முகத்தில் முதலில் வருவது கோபமில்லை, கூச்சம். பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்கிற பதற்றம். 'கடன் சொல்கிற ஆளாகிவிட்டேனே' என்கிற வெட்கம். கோபம் அதற்குப் பின்னால்தான், அந்த வெட்கத்தை மூடி மறைக்கத்தான் வருகிறது. ஒரு கொலைகாரனின் கதையை இந்த இடத்தில் தொடங்கத் தெரிந்த எழுத்தாளரும், அதை வசனமே இல்லாமல் முகத்தில் கொண்டுவரத் தெரிந்த நடிகரும் ஒன்றுசேர்வது அடிக்கடி நடப்பதில்லை.

கார்லைலின் வேடங்களைச் சும்மா வரிசையாகச் சொன்னாலே தலை சுற்றும். கட்டிடத் தொழிலாளி, வீடற்றவன், பேருந்து ஓட்டுநர், கிராமத்துப் போலீஸ்காரர், பாதிரியாரின் காதலன், மதுக்கடை ரவுடி, ஜேம்ஸ் பாண்ட் படத்து வில்லன், நரமாமிசம் தின்பவன், ஹிட்லர், பிரிட்டிஷ் பிரதமர், முதுமை வரை உயிரோடிருக்கும் ஜான் லெனன் (நிஜத்தில் நாற்பது வயதில் சுட்டுக்கொல்லப்பட்ட பீட்டில்ஸ் பாடகர்). "எந்த வேடமானாலும் பொருந்திவிடுவார்" என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவரை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். இத்தனை வேடங்களுக்கும் அடியில் ஒரே ஒரு ஆள் இருக்கிறான். அவன் பயந்துபோன ஆண். வேலை போய்விடுமோ, பிள்ளை மதிக்கமாட்டானோ, ஊர் சிரிக்குமோ, தான் யாரென்று தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆண். அந்த நடுக்கம் ஒருவனிடம் கத்தியாக வெளிப்படும், இன்னொருவனிடம் நகைச்சுவையாக, வேறொருவனிடம் ஓட்டமாக. கார்லைல் முப்பத்தைந்து ஆண்டுகளாக அவனைத்தான் விதவிதமாக நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் பிறந்தது 1961-ல், கிளாஸ்கோ நகரின் மேரிஹில் பகுதியில். நாலு வயதிருக்கும்போது அம்மா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். வளர்த்தது அப்பா ஜோசப், வீடுகளுக்கு வண்ணம் பூசும் பெயிண்டர். பதினாறு வயதில் எந்தத் தேர்ச்சியும் இல்லாமல் பள்ளியை விட்டு வெளியே வந்த மகன், அப்பாவோடு தூரிகையும் ஏணியுமாக வேலைக்குப் போனார். இருபத்தொரு வயதில் ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தைப் படித்துவிட்டு கிளாஸ்கோ ஆர்ட்ஸ் சென்டரில் நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். அங்கிருந்து ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி ஆஃப் மியூசிக் அண்ட் டிராமா. 1991-ல் நண்பர்களோடு 'ரெய்ன் டாக்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்.

பெயிண்டர் வேலையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு முதல் பெரிய வாய்ப்பு கிடைத்ததே அதனால்தான். இயக்குநர் கென் லோச் 1991-ல் 'ரிஃப்-ராஃப்' எடுத்தபோது, கட்டிட வேலையில் உண்மையிலேயே கைவைத்த நடிகர்கள்தான் வேண்டும் என்று தேடினார். கதை எழுதிய பில் ஜெஸ்ஸியே கட்டிடத் தொழிலாளியாக இருந்தவர்; படம் வெளிவருவதற்குள் இறந்துபோனார். உடன் நடித்த ரிக்கி டாம்லின்சன் பூச்சு வேலைக்காரர். 1972-ல் பிரிட்டனில் நடந்த கட்டிடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றவர். அந்தத் தண்டனை தவறானது என்று நீதிமன்றம் சொல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'ரிஃப்-ராஃப்' படத்தில் கார்லைல் ஸ்டீவி. சிறையிலிருந்து வெளிவந்து, கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்தவன். மூடப்பட்ட ஒரு மருத்துவமனையைப் பணக்காரர்களுக்கான அடுக்கு வீடுகளாக மாற்றுகிறார்கள். அங்கே பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்கிறான். தங்க இடமில்லாததால் காலி வீடு ஒன்றின் பூட்டை உடைத்துக் குடியேறுகிறான். சாரம் சரியாகக் கட்டப்படவில்லை, யாராவது விழுந்து சாகப்போகிறார்கள் என்று கேள்வி கேட்கும் டாம்லின்சனின் பாத்திரத்துக்கு வேலை போகிறது. மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மார்கரெட் தாட்சர் காலத்து பிரிட்டனை இந்தப் படம் அளவுக்கு உடம்பால் உணரவைத்த படங்கள் குறைவு. கார்லைல் அதில் நடிக்கிற மாதிரியே இருக்காது. மண்வெட்டியைப் பிடிப்பதிலும், சுவரோரம் சாய்ந்து உட்காருவதிலும், மேஸ்திரி வருகிறான் என்றதும் எழுந்துகொள்வதிலும் பழக்கம் தெரியும். வெளிவந்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது.

வேடத்துக்குள் போவதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமங்களைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அன்டோனியா பேர்ட் இயக்கிய 'சேஃப்' படத்தில் வீடற்றவனாக நடிப்பதற்காக லண்டன் வாட்டர்லூ பகுதியில் தெருவில் வாழ்பவர்களோடு போய்த் தங்கினார். லோச்சின் 'கார்லாஸ் சாங்' (1996) படத்துக்காகப் பேருந்து ஓட்டுநர் உரிமமே எடுத்தார். அதில் அவர் ஜார்ஜ் என்ற கிளாஸ்கோ ஓட்டுநர். நிகராகுவாப் போரிலிருந்து தப்பி வந்த பெண்ணைப் பார்த்து மனம் போய், தன் இரட்டை மாடிப் பேருந்தை வழித்தடத்திலிருந்து திருப்பி லோமண்ட் ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறான். அந்தப் பேருந்தை அவரே ஓட்டுகிறார் என்பது தெரிவதால்தான் காட்சி அவ்வளவு குதூகலமாக இருக்கிறது. வேடத்துக்காக உடம்பை வருத்திக்கொள்ளும் நடிகர்களின் கதைகளில் பாதி விளம்பரம் என்பது என் அபிப்பிராயம். கார்லைலின் விஷயத்தில் அப்படித் தோன்றவில்லை. அவர் தேடியது வலியை அல்ல, அந்த வேலையின் பழக்கத்தை. பெயிண்டராக இருந்தவருக்கு, ஒருவன் செய்கிற வேலை அவன் நடையில் எப்படி ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பது தெரியும்.

ஆல்பிக்கு வருகிறேன். அவன் லிவர்பூல் ரசிகன். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கால்பந்து அரையிறுதியின்போது, தடுப்பு வேலிக்குள் அடைக்கப்பட்ட லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். தொடர் வந்த சமயத்தில் எண்ணிக்கை 96. போலீஸ் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது. குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தார்கள் என்றார்கள், பத்திரிகைகளும் அதை அச்சடித்தன. ரசிகர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று விசாரணை மன்ற நடுவர்கள் தீர்ப்புச் சொன்னது 2016-ல். ஆல்பி கொலை நடந்த இடத்தில் 9615489 என்று எழுதிவைக்கிறான். போலீஸ் அதைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. 96 பேர், 15-4-89. தன் ஊர்க்காரர்களை மிருகங்கள் என்று சொன்ன உலகத்துக்கு, 'சரி, மிருகமாகவே இருக்கிறேன்' என்று காட்டக் கிளம்பியவன் அவன். அவன் செய்வதை மெக்கவர்ன் ஒரு கணம்கூட நியாயப்படுத்துவதில்லை. அந்தக் கடைக்காரருக்கும் குடும்பம் இருக்கிறது, அந்த அழுகையையும் நமக்குக் காட்டுகிறார். ஆனால் ஆல்பியை வெறும் பைத்தியக்காரன் என்று தள்ளிவிடவும் விடுவதில்லை. ஒரு கிளாஸ்கோக்காரர் லிவர்பூல் பேச்சில், அந்த ஊரே இன்னும் ஆறாமல் வைத்திருந்த காயத்தைத் தூக்கிச் சுமந்தார். கார்லைலின் ஆகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், அவர் உலகப்புகழ் பெற்ற படங்களையெல்லாம் விட.

இந்தக் கதையில் ஆல்பியை மடக்கும் மனோதத்துவ நிபுணராக வந்தவர் ராபி கோல்ட்ரேன், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். விசாரணை அறையில் இருவரும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசுவதைத் தனியாக எடுத்து மேடையில் போடலாம். ஐந்து ஆண்டு கழித்து 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' என்ற பாண்ட் படத்திலும் இருவரும் இருந்தார்கள்.

'கிராக்கர்' வந்த அடுத்த ஆண்டே பிபிசியில் 'ஹேமிஷ் மெக்பெத்'. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ப்ளாக்டன் என்ற அழகான சிற்றூரில் எடுத்தார்கள். பதவி உயர்வு வந்தால் ஊரை விட்டுப் போகவேண்டி வருமே என்று, தான் கண்டுபிடித்த வழக்குகளின் பெருமையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் போலீஸ்காரர் ஹேமிஷ். கூடவே ஒரு வெள்ளை டெரியர் நாய். ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு பார்க்கிற மாதிரியான தொடர். அதே ஆண்டுகளில்தான் 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தின் பெக்பியும். ஞாயிறு ஹேமிஷைப் பார்த்தவர்கள் தியேட்டருக்குப் போய்ப் பெக்பியைப் பார்த்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

டேனி பாயில் 1996-ல் எடுத்த அந்தப் படம் எடின்பரோ லீத் பகுதி இளைஞர்களின் ஹெராயின் வாழ்க்கை. இர்வின் வெல்ஷின் நாவல். பெக்பி ஹெராயின் தொடமாட்டான். அந்த ரசாயனமெல்லாம் உடம்புக்குள் போவதா என்று அருவருப்படைவான். அவனுக்குப் போதை அடிதடி. நாவலில் பெக்பி ஆஜானுபாகுவானவன். கார்லைலோ சிறிய உருவம். இந்த உருவத்தோடு செய்ய முடியுமா என்று அவருக்கே தயக்கம் இருந்தது. சின்ன உருவத்து வெறியர்கள்தான் இன்னும் பயங்கரமானவர்கள் என்று பாயில் சொன்னாராம். பாயில் சொன்னது எவ்வளவு சரி என்பது அந்த மதுக்கடைக் காட்சியில் தெரியும்.

மேல் தளத்தில் நண்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெக்பி தான் ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் எவனையோ அடக்கிய வீரக்கதையைச் சொல்கிறான். எல்லாரும் மரியாதையாகக் கேட்கிறார்கள், வேறு வழி? கதை முடிகிறது, கோப்பை காலி. பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தோளுக்கு மேலாக அந்தக் கனத்த கண்ணாடிக் கோப்பையைக் கீழே கூட்டத்துக்குள் எறிகிறான். படம் அப்படியே உறைகிறது. இடையில் அந்த வீரக்கதையின் உண்மை நமக்குச் சொல்லப்படுகிறது: அன்றைக்கு அவன் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தான், அந்த எரிச்சலில் ஓரமாக நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்த அப்பாவி ஒருவனைப் போட்டு அடித்தான். மறுபடி மதுக்கடை. கோப்பை ஒரு பெண்ணின் தலையில் விழுந்து ரத்தம் கொட்டுகிறது. யார் எறிந்தது என்று துப்பறிகிற மாதிரி பெக்பியே கீழே இறங்கிப்போய் ஒரு கலவரத்தை ஆரம்பிக்கிறான்.

நடுவில் வந்துபோகும் அந்த உண்மைக் கதைதான் பெக்பியின் சாவி. தோற்றதைச் சொல்ல முடியாதவன். கார்லைல் இதற்கும் ஆழமாக ஒன்றை வைத்திருந்தார். பெக்பி தன் ஓரினச் சேர்க்கை விருப்பத்தைத் தனக்கே மறைத்துக்கொண்டு வாழ்கிறவன், வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அந்த வெறிக்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டே நடித்ததாகப் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு, லண்டன் நடன விடுதியில் சந்தித்த பெண்ணோடு காரில் இருக்கும்போது அவன் பதறி வெளியே பாயும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அங்கே வெறியைவிடத் திகில்தான் அதிகம்.

1997-ல் 'தி ஃபுல் மாண்டி'. ஹில்ஸ்பரோ மைதானம் இருக்கும் அதே ஷெஃபீல்ட். எஃகு நகரம் என்று பெருமை பேசும் ஒரு பழைய விளம்பரப் படத்தோடு ஆரம்பிக்கிறது. அடுத்த காட்சியில், கைவிடப்பட்ட ஆலைக்குள் இருந்து ஓர் இரும்பு உத்தரத்தைத் திருடிக்கொண்டிருக்கிறான் கஸ், கூட நண்பன் டேவும் மகன் நாதனும். வேலையில்லை. மகனைப் பார்க்கும் உரிமைக்காக விவாகரத்தான மனைவிக்குக் கட்டவேண்டிய பணம் பாக்கி நிற்கிறது. பெண்கள் காசு கொடுத்து ஆண்கள் ஆடை களைவதைப் பார்க்க வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நாமும் செய்வோம் என்கிறான். ஒல்லி, குண்டு, கிழம் என்று ஆறு பேர் சேர்கிறார்கள்.

சிரிக்கவைக்கும் படம் என்று எல்லாருக்கும் தெரியும். வேலையில்லாதோர் உதவித்தொகை வரிசையில் டோனா சம்மரின் பாட்டு ஒலிக்க, ஒருவர் பின் ஒருவராக இடுப்பு அசையத் தொடங்கும் காட்சியைச் சொல்லாதவர் இல்லை. எனக்கு அந்தப் படத்தின் உயிர் அஞ்சலகத்தில் இருக்கிறது. விடுதியை வாடகைக்குப் பிடிக்க முன்பணம் வேண்டும். கஸ்ஸிடம் இல்லை. பையன் நாதன் தன் சேமிப்புக் கணக்கிலிருந்து நூறு பவுண்ட் எடுத்துத் தருகிறேன் என்று அஞ்சலகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறான். சிறுவன் என்பதால் பெரியவர் கையெழுத்து வேண்டும். திருப்பித் தந்துவிடுவேன் என்று நீதானே சொன்னாய் என்கிறான் மகன். நான் சொல்வதையெல்லாம் நம்பலாமா என்கிற மாதிரி அப்பன் தயங்குகிறான். நீ சொன்னாய், நான் நம்புகிறேன் என்கிறான் பையன். அப்போது கார்லைலின் முகம்! கோமாளித்தனம், வாய்ச்சவடால் எல்லாம் கழன்று விழுந்து, தன்னை ஒருவன் நம்புகிறானா என்று ஆச்சரியப்படும் முகம். தகப்பனைத் தகப்பனாக்குவது அந்தப் பிள்ளைதான். தனி ஆளாகத் தன்னை வளர்த்த பெயிண்டர் தகப்பனை அவர் அந்த நேரம் நினைத்தாரோ என்னவோ, எனக்கு ஜோசப் கார்லைல் ஞாபகத்துக்கு வராமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

கடைசியில் மேடையேறவேண்டிய நேரத்தில் நடுங்கிப்போய் வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வதும் கஸ்தான். அவனை அதட்டி மேடைக்கு அனுப்புவதும் அதே பையன்தான். இறுதி ஆட்டத்தை உண்மையான கூட்டத்தின் முன் ஒரே முறையில் எடுத்தார்கள். ஏறக்குறைய 35 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருது கார்லைலுக்கு. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பட்டியலிலும் இடம்பிடித்தது.

இதற்குப் பிறகு பெரிய படங்கள் வந்தன. சிலவற்றைப் பற்றிப் பேச எனக்கு அதிகமில்லை. 'எராகன்' போன்ற படங்களில் அவரை ஒப்பனையில் புதைத்துவிட்டார்கள். 1999-ன் பாண்ட் படத்தில் ரெனார்டாக வந்தார்: மூளைக்குள் துப்பாக்கிக் குண்டு நகர்ந்துகொண்டிருக்கிறது, வலியோ ஸ்பரிசமோ தெரியாது. படம் பாதி இடங்களில் நொண்டுகிறது. ஆனால் சோஃபி மார்ஸோவின் பக்கத்தில், தான் நேசிக்கும் பெண்ணின் தொடுகையை உணரமுடியாமல் அவர் தவிக்கும் இடம் ஒரு பாண்ட் படத்துக்குத் தேவைக்கு அதிகமான துயரம். அதே ஆண்டு ஆலன் பார்க்கரின் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்'. பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கிடைத்த காசைக் குடித்துவிட்டு, நடு இரவில் அவர்களை எழுப்பி தேசபக்திப் பாட்டுப் பாடவைக்கும் அயர்லாந்துத் தகப்பன். வெறுக்கவேண்டிய ஆள். கார்லைல் வெறுக்கவிடமாட்டார். 2003-ல் ஒரு தொலைக்காட்சிக் குறுந்தொடரில் ஹிட்லராக நடித்து எம்மி விருதுப் பட்டியலில் இடம்பெற்றார்.

அன்டோனியா பேர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கார்லைலை லோச் கண்டெடுத்தார் என்றால், துணிச்சலான இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனவர் இவர்தான். 'சேஃப்', 'ப்ரீஸ்ட்', 'ஃபேஸ்', 'ராவனஸ்' என நான்கு படங்கள். 'ப்ரீஸ்ட்' படத்தில் ஓர் இளம் கத்தோலிக்கப் பாதிரியாரின் காதலனாக, அலட்டாமல், இயல்பாக நடித்தார். 1994-ல் அது சர்ச்சையைக் கிளப்பிய படம். 'ராவனஸ்' 1840-களின் அமெரிக்க மலைக்கோட்டையில் நடக்கும் நரமாமிசக் கதை. ஸ்லோவாக்கியாவில் படப்பிடிப்பு ஆரம்பித்த சில வாரத்திலேயே முதல் இயக்குநரை நீக்கிவிட்டார்கள். தத்தளித்த படத்துக்கு பேர்டின் பெயரைச் சொன்னவர் கார்லைல். நடுவில் வந்து ஏறிக்கொண்ட பேர்ட் அதை எடுத்து முடித்தார். வெளியானபோது ஓடவில்லை, இன்று அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. பேர்ட் 2013-ல் காலமானார். பிரிட்டிஷ் சினிமா அவருக்குத் தரவேண்டிய இடத்தை இன்னும் தரவில்லை.

'28 வீக்ஸ் லேட்டர்' (2007) படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பற்றி நான் ஒரு பதிவே தனியாக எழுதலாம். மனிதர்களை வெறிபிடித்துத் தாக்கவைக்கும் தொற்று பரவிய இங்கிலாந்து. ஒரு பண்ணை வீட்டில் ஜன்னல்களையெல்லாம் பலகையால் அடைத்துக்கொண்டு சிலர் ஒளிந்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டான் தன் மனைவி ஆலிஸோடு சமைத்துக்கொண்டிருக்கிறான். இரவு என்று நினைத்துக்கொண்டிருப்போம். கதவைத் தட்டும் ஒரு சிறுவனுக்காகத் திறக்கும்போது கண் கூசும் பகல் உள்ளே பாய்கிறது. அவனைத் துரத்திக்கொண்டு தொற்றுக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். மாடி அறையில் ஒரு பக்கம் டான், எதிர்ப்பக்கம் சிறுவனைக் கைவிட மறுக்கும் ஆலிஸ், நடுவில் தொற்றுக்காரர்கள். ஒரு நொடி. டான் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குதிக்கிறான். பச்சை வயல்வெளியில் ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் மனைவி கண்ணாடியை அடித்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். பிறகும் ஓடுகிறான்.

கதாநாயகன் என்று நாம் நம்பிய ஆள் இப்படி ஓடுவதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ புரளும், நாமும் ஓடியிருப்போமே என்று தெரிவதால். பின்னால் தன் பிள்ளைகளிடம் அந்தக் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறான் பாருங்கள், அங்கேதான் கார்லைல் யாரென்று தெரியும். பெரிய பொய்யில்லை. தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று ஆகிவிடுகிற அளவுக்கு மட்டும் வளைத்த பொய். சொல்லும்போது கண் பிள்ளைகளின் முகத்தில் நிற்காது. பேயும் ரத்தமும் நிறைந்த படத்தில் மிக அச்சமூட்டும் காட்சி, ஒரு தகப்பன் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அழுவது.

அமெரிக்காவில் 'ஒன்ஸ் அபான் எ டைம்' தொடரில் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கினாக ஏழு சீசன் நடித்ததைச் சினிமாப் பிரியர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. தேவதைக் கதைத் தொடர்தானே என்று. ஆனால் அந்தப் பாத்திரத்தின் வேரைப் பாருங்கள்: போரில் செத்துவிட்டால் பிறக்கப்போகும் பிள்ளை தகப்பன் இல்லாமல் வளருமே என்று, சுத்தியலால் தன் காலைத் தானே உடைத்துக்கொண்டு ஊர் திரும்பிய நூல் நூற்பவன். ஊர் அவனைக் கோழை என்கிறது, மனைவி விட்டுப்போகிறாள். அந்த மகனைப் போருக்கு இழுத்துப்போகாமல் தடுக்கத்தான் இருட்டின் சக்தியைத் தேடுகிறான். இது ஆல்பியும் டானும் கஸ்ஸும் சேர்ந்த ஆள்தான். பளபளக்கும் தோல் ஒப்பனைக்கு அடியில் அதே நடுக்கம். தயாரிப்பாளர்கள் தெரிந்து செய்தார்களா, தற்செயலா தெரியாது, அவருக்கென்றே தைத்தது போல அமைந்துவிட்டது.

2015-ல் 'தி லெஜண்ட் ஆஃப் பார்னி தாம்சன்' என்ற படத்தை அவரே இயக்கி நடித்தார். கிளாஸ்கோ முடிதிருத்துபவன் ஒருவன் தவறுதலாகக் கொலைகாரனாகிற கறுப்பு நகைச்சுவை. அவனுடைய அம்மாவாக, நிஜத்தில் கார்லைலைவிட இரண்டே வயது மூத்த எம்மா தாம்சன். ஸ்காட்லாந்து பாஃப்டாவில் சிறந்த படம் அதுதான். எனக்குப் படத்தின் பிற்பகுதி இரைச்சலாகப்பட்டது. ஆனால் அந்த ஊரின் பழைய கடைத்தெருக்களையும் நடனக்கூடங்களையும் ஒருவர் இவ்வளவு ஆசையாகப் படம்பிடிப்பதைப் பார்க்க மனம் நிறைந்தது.

2017-ல் 'டி2 ட்ரெயின்ஸ்பாட்டிங்'. இருபது ஆண்டு சிறைக்குப் பின் தப்பி வரும் பெக்பி, மகனைத் திருட்டுக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறான். பையனோ ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறேன் என்கிறான். முதலில் அவமானம், கோபம். படத்தின் போக்கில் தன்னுடைய குடிகார அப்பன், தான், இந்தப் பையன் என்று மூன்று தலைமுறையும் ஒரு கோட்டில் அவனுக்குத் தெரிகிறது. நீ என்னைவிட நல்லவனாக வருவாய் என்கிற பொருளில் மகனிடம் விடைபெறுகிறான். அணைத்துக்கொள்ளத் தெரியாதவன் அணைக்கப் பார்க்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே அந்தப் படத்தை மன்னித்துவிடலாம்.

அதன்பின் 'கோப்ரா' தொடரில் பிரதமர் ஆனார். 'யெஸ்டர்டே' (2019) படத்தில், புகழும் துப்பாக்கிக் குண்டும் எட்டாத ஓர் உலகில் கடற்கரை வீட்டில் நிம்மதியாகக் கிழவனாகிப்போன ஜான் லெனனாக, பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஒரே காட்சியில் வந்துபோனார். அவர் பயமே இல்லாத மனிதனாக நடித்த வேடம் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது அது ஒன்றுதான். 2023-ல் 'ஃபுல் மாண்டி' கூட்டம் முழுவதும் தொடராகத் திரும்பி வந்தது. கஸ் இப்போது மருத்துவமனை ஊழியன், தலை நரைத்திருக்கிறது, கடன் தீரவில்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பெக்பியிலோ பாண்டிலோ ஆரம்பிக்காதீர்கள். 'ரிஃப்-ராஃப்' கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள், வசன வரிகளைப் போட்டுக்கொண்டு. கிளாஸ்கோ பேச்சும் லிவர்பூல் பேச்சும் கலந்து வேகமாக ஓடும். அமெரிக்காவில் அந்தப் படத்தை ஆங்கில வசன வரிகளோடுதான் திரையிட்டார்கள்.